புதன்கிழமைப் பூட்டு

என் தம்பி தமிழ்வேந்தன் நல்ல காரியம் செய்கிறான் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே ஒரு போர்வை ஞாபகம் வரும். கல்லூரியில் படித்தபோது வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்காகத் தெருத்தெருவாகப் போய்ப் போர்வை சேர்த்தான். லாரி கிளம்பிப் போன மறுவாரம் அவன் கட்டிலில் பச்சைக்கோடு போட்ட போர்வை ஒன்று கிடந்தது. கூடப் படிக்கிறவன் கொடுத்தது என்றான். இருக்கலாம். பதினான்கு வருஷமாகியும் எனக்கு அது செரிக்கவில்லை.

நான் சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவு. வார்ப்படமாகி வருகிற பம்புக்குள் தண்ணீரை அடைத்து, அழுத்தம் ஏற்றி, எங்கே கசிகிறது என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மேலே பெயிண்ட் எவ்வளவு பளபளப்பாக இருக்கிறதோ அவ்வளவு உற்றுப் பார்ப்பேன். பதினெட்டு வருஷம் இதையே செய்தால் மனிதர்களையும் அப்படித்தான் பார்க்கத் தோன்றும். என் வீட்டுக்காரர் ஜெரோம், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், "உன்ற கண்ணுல எந்நேரமும் டார்ச்சு எரியுது மெர்சி, சித்த அணைச்சு வெய்யி" என்பார்.

எனக்கு மெர்சி என்று பெயர் வைத்தது பிரசவம் பார்த்த மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ். ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவனுக்குத் தமிழ்வேந்தன் என்று வைத்தது அப்பாவின் மேடைப்பேச்சு மோகம். பேர் வைத்த நாளிலிருந்தே அவன் ஊருக்கு உழைக்கப் பிறந்தவன், நான் வீட்டுக்கு உழைக்கப் பிறந்தவள். இதில் எனக்கு எரிச்சல் இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தான். காரமடையில் கூரியர் ஆபீசில் வேலை, குடியிருப்பும் அங்கேயே. கையில் நோட்டீஸ் கட்டு.

"அக்கா, குடும்ப ஓட்டம் ஒண்ணு நடத்தறோம். ஆர்.எஸ்.புரத்துல இருந்து காரமடை. இருபத்தெட்டு கிலோமீட்டரு. நீங்க மூணு பேரும் வந்தே ஆவோணும்."

"இருபத்தெட்டையும் ஓடியா?"

"ஓடலாம், நடக்கலாம், உக்காரத்தான் கூடாது. ஒரு குடும்பத்துல மூணு பேராச்சும் வரோணும். கடைசில கையைக் கோத்துட்டு ஒண்ணாக் கயித்தத் தாண்டோணும். அப்படி முடிக்கற ஒவ்வொரு குடும்பத்துக்கும் பத்துச் சிப்பம் அரிசி தாரேன்னு மண்டிக்காரரு செங்கோடன் அண்ணன் சொல்லியிருக்காரு. எங்க காலனில பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கிப் போடறமில்ல, அதுக்கு."

ஒரு சிப்பம் என்றால் இருபத்தைந்து கிலோ மூட்டை. பத்து சிப்பம் சும்மா இல்லை. என் காது விடைத்துக்கொண்டது.

"பள்ளிக்கூடத்துலதான் காலைலயும் மத்தியானமும் சோறு போடறாங்களே. நீ என்னத்துக்குத் தனியா ஆக்கறே?"

"அதுவாக்கா..." என்று அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்த விதத்திலேயே பெரிய கதை வரப்போகிறது என்று தெரிந்தது. குக்கர் கத்தியது. நான் எழுந்து உள்ளே போனேன். குக்கர் அடங்கிய பிறகும் வெளியே வரவில்லை. என் மகள் யுவஸ்ரீயும் ஜெரோமும் 'உம்' கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் போகும்போது வாசலிலிருந்து "அக்கா, வாரேன்" என்றான். நானும் உள்ளிருந்தே "சரி" என்றேன்.

ஓட்டம் ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில். அதற்கு நான்கு நாள் முன்பு, புதன்கிழமை, காரமடைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் எங்கள் கம்பெனி பம்பு மக்கர் செய்கிறதென்று என்னை அனுப்பினார்கள். வேலையை முடித்துத் திரும்பும்போது மணி ஒன்று. காரமடையில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன். சோறு போடுகிற நேரம்தானே, கண்ணால் பார்த்துவிட்டே போவோம் என்று.

காலனியைக் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. கடைசித் தெருவில் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். சுவரில் நீலப் பெயிண்டில் 'பிள்ளைகள் சமையற்கூடம்' என்று எழுத்து. கதவில் பூட்டு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அடுப்பில் சாம்பல் ஆறிக் கிடந்தது. அண்டாக்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒரு அண்டாவின் மேல் பூனை படுத்திருந்தது. பிள்ளை என்று சொல்ல ஒரு குஞ்சு குளுவான் இல்லை.

எதிர்வீட்டில் துணி அலசிக்கொண்டிருந்த அம்மா, "யாரு வேணுங் கண்ணு?" என்றார்.

"இங்க பிள்ளைகளுக்குச் சோறு போடறாங்கன்னு சொன்னாங்க..."

"இன்னைக்கு யாரும் வரமாட்டாங்க கண்ணு."

"நேத்து வந்தாங்களா?"

"நேத்தும் இல்லியே."

எனக்கு அது போதும். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, ஆனால் என்னால் வெளியே எதையும் பார்க்க முடியவில்லை. கூடப்பிறந்தவன் திருடன் என்று தெரிந்தால் துக்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்ததும் உண்மை. அதோடு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, 'பார்த்தாயா, நான் அன்றைக்கே சொன்னேன்' என்று ஒரு சந்தோஷமும் இருந்தது.

அவனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அதுதான் எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். யார் மேல் சந்தேகமோ அவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் சொல்லுவோம். நேரே கேட்டால் மரியாதை கெட்டுப்போகும். சுற்றிவளைத்து, 'ங்க' போட்டு, யார் பேரும் இல்லாமல் சொன்னால் யாருக்கும் நோகாது. நாற்பத்திரண்டு வருஷமாக நான் கண்ட பழக்கம் இது.

மறுநாள் வியாழக்கிழமை, செங்கோடனே கம்பெனிக்கு வந்து நின்றார். தோட்டத்து மோட்டாரைச் சரிபார்க்கக் கொடுத்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, எல்லாரிடமும் குனிந்து பேசுகிற மனிதர். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஏனுங்க அம்மணி, இந்த ஓட்டம் நடத்தற தம்பி உங்களுக்குக் கூடப்பொறந்ததாமா?"

"ஆமாங்கண்ணா."

"நல்ல பையனுங்க, இல்லீங்களா?"

கையிலிருந்த துணியால் டார்ச்சைத் துடைத்தேன். அப்புறம், "எதுக்கும் நீங்க ஒருக்கா நேர்ல போயிப் பாத்துட்டுக் குடுங்கண்ணா" என்றேன்.

அவ்வளவுதான். திருடன் என்றேனா? பூட்டியிருந்தது என்றேனா? ஒன்றும் இல்லை. அவர் என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். "சரிங்க அம்மணி. பாத்துக்கலாமுங்க" என்று மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கசிவைப் பிடித்து ஓரமாக ஒதுக்கி வைத்த நிம்மதி எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு ஏழு குடும்பம் கூடியிருந்தது. கொடியசைக்க வருவதாக நோட்டீஸில் போட்டிருந்த செங்கோடன் வரவில்லை. தமிழ்வேந்தன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். வாயைக் கையால் மறைத்திருந்தான். "பரவால்லீங்கண்ணா... சரிங்கண்ணா... அதனால ஒண்ணுமில்லீங்க" என்பது மட்டும் காதில் விழுந்தது.

"என்னடா, மண்டிக்காரரு வரலியா?" என்றேன்.

"அவருக்கு ஏதோ சோலியாமாக்கா" என்று சொல்லிவிட்டு என் கண்ணைப் பார்க்காமல் விசிலை ஊதினான்.

நான் ஓடியது சோற்றுக்காக இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். முழுத் தூரமும் போய், கயிற்றைத் தாண்டி, பூட்டின கதவுக்கு முன்னால் நின்று, அத்தனை குடும்பத்துக்கும் நடுவில் 'எங்கேடா பிள்ளைகள்?' என்று கேட்க வேண்டும். அதற்காக ஓடினேன். நேரே கேட்கும் பழக்கம் இல்லாதவள் அதற்குப் பதிலாக இருபத்தெட்டு கிலோமீட்டர் ஓடத் தயாராக இருந்தாள்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் விடியும்வரை சுகமாக இருந்தது. கவுண்டம்பாளையம் வரை ஓடினோம். அதற்குப் பிறகு ஓட்டமும் நடையும். யுவஸ்ரீ காதில் பாட்டை மாட்டிக்கொண்டு முன்னால் போனாள். ஜெரோம் "இதுக்கு எங்க வேன்லயே வந்திருக்கலாம்" என்று கிலோமீட்டருக்கு ஒரு தடவை சொன்னார். துடியலூரில் மணி ஆறரை. தம்பி தன் பைக்கில் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தான். எங்களுக்குப் பின்னால் தண்ணீரும் மோரும் ஏற்றிய சின்ன லோடு வண்டி ஒன்று ஊர்ந்து வந்தது. அதன் பின்பக்கத்தைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். மோருக்கு எதற்குத் தார்ப்பாய் என்று எனக்குள் ஒரு கேள்வி.

பெரியநாயக்கன்பாளையத்தில் வண்டி நின்றது. எல்லாரும் மோருக்குப் போனார்கள். நான் வண்டிக்குப் பின்னால் போய்த் தார்ப்பாயின் முனையைத் தூக்கினேன். உள்ளே காலிச் சாக்குகள். மடித்து அடுக்கி முப்பது நாற்பது இருக்கும். அரிசி ஒரு மணி கிடையாது.

"ஜெரோம், இங்க வாங்க. காலிச் சாக்கு எதுக்குங்க?"

"எதுக்கோ இருக்கட்டும். மோரக் குடி."

"மணலை ரொப்பி, மேல ரெண்டு படி அரிசியத் தூவி, போட்டோ புடிக்கத்தான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அலுப்பும் இருந்தது, பயமும் இருந்தது. "உன்ற தம்பி மெர்சி அவன்" என்றார்.

"அதனாலதான் சொல்றேன்."

அங்கிருந்து கிளம்பிய பிறகு தம்பியைக் காணவில்லை. லோடு வண்டியையும் காணவில்லை. வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. தண்ணீர் இல்லாமல் ஒரு குடும்பம் முனகியது. அரைமணி கழித்து ஒரு குறுக்குத் தெருவிலிருந்து பைக் வெளியே வந்தது. அவன் சட்டைத் தோளெல்லாம் வெள்ளையாக ஏதோ மாவு. என்னைப் பார்த்ததும் கையால் தட்டிவிட்டுக்கொண்டு வேகமாகப் போய்விட்டான். வீரபாண்டிப் பிரிவுக்கு முன்னால் இன்னொரு தெருவில் பைக்கை நிறுத்தியிருந்தான். ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண்ணிடம் கையைக் கட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான். ஓட்டம் நடத்துகிறவனுக்கு ஓட்டத்தின் நடுவில் வீடுவீடாக என்ன வேலை? கூரியர் கொடுக்கிறானா?

பிரஸ் காலனி தாண்டியதும் ஜெரோம் நின்றுவிட்டார். முழங்கால் வீங்கியிருந்தது. "எனக்கு முடியலீங்க தாயி. நான் பஸ்ல வாரேன்" என்று ஒரு புளியமரத்தடியைப் பார்த்தார்.

"உக்காந்தீங்கன்னா நம்ம குடும்பத்துக்கு இருக்கற பத்துச் சிப்பம் போச்சு. பிள்ளைக சோறுங்க அது" என்றேன். எந்தப் பிள்ளை, எந்தச் சோறு! எனக்கு வேண்டியது கயிற்றைத் தாண்டுகிற உரிமை. பாதியில் விட்டவள் கேள்வி கேட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள். யுவஸ்ரீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு நடந்தோம். அந்த ஆறேழு கிலோமீட்டர் எப்படிப் போனது என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. என் கால் கட்டைவிரல் நகம் பிய்ந்து ஷூவுக்குள் ஈரமாக இருந்தது. மனதுக்குள் அந்த ஒரே கேள்வியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

காரமடையில் அந்தக் காலனிக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. மற்ற ஐந்து குடும்பமும் முன்பே வந்துவிட்டிருந்தது. ஒன்று வழியிலிருந்த கூடலூரிலேயே பஸ் ஏறிவிட்டதாம். கடைசித் தெருவில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள். மூன்று பேரும் கையைக் கோத்துக்கொண்டு தாண்டினோம். யாரோ கைதட்டினார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

கதவு திறந்திருந்தது. உள்ளே இருந்து புகை வந்துகொண்டிருந்தது. வாசலிலிருந்து தெருமுனை வரை, வேப்பமர நிழலில், பிள்ளைகள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எண்பது தொண்ணூறு இருக்கும். ஒவ்வொன்றின் மடியிலும் ஒரு தட்டு. நான் தயாராக வைத்திருந்த கேள்வி வாயிலேயே நின்றுவிட்டது.

"இன்னைக்கு மட்டும் எங்கிருந்து கூட்டிட்டு வந்தான்?" என்று யுவஸ்ரீயிடம் மெதுவாகக் கேட்டேன். அப்போதும் எனக்கு அப்படித்தான் கேட்க வந்தது.

"என்னம்மா சொல்றே? இன்னைக்கு ஞாயித்துக்கெழமை. லீவு நாளைக்கு மட்டுந்தான இங்க சோறு? பள்ளிக்கூடம் இருக்கற நாள்ல அங்கியே சாப்புட்டுக்குவாங்க. சனி, ஞாயிறு, முழுப்பரீட்சை லீவு, அப்பத்தான் இந்தப் பிள்ளைக பட்டினி. மாமா அன்னைக்கு ஊட்டுக்கு வந்தப்பவே சொன்னாரே. நீதான் எந்திரிச்சு உள்ள போயிட்ட."

புதன்கிழமை. செவ்வாய்க்கிழமை. அந்த அம்மா சொன்னதெல்லாம் உண்மை. ஏன் வரமாட்டார்கள் என்று மட்டும் நான் கேட்கவில்லை.

உள்ளே போனேன். சமையல் செய்யும் பத்மாவதி அண்டாவுக்குள் கரண்டியை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி மூலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக் கடைசி அரிசியைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தான். அவன் சட்டையில் இருந்தது மாவு இல்லை, சாக்குத் தூசி. பக்கத்தில் காலியான சாக்குகளின் அடியில் ஒரு பிடி இரண்டு பிடி மிச்சம் கிடந்தது. ஒன்றில் புழுங்கல், ஒன்றில் பச்சரிசி, ஒன்றில் ரேஷன் அரிசி, எல்லாம் கலந்து.

"இதென்னடா, இத்தனை தினுசு?" என்றேன்.

பத்மாவதிதான் பதில் சொன்னாள். "வர்ற வழியெல்லாம் ஊடு ஊடா ஏறி எறங்கி ஒவ்வொரு படியா வாங்கியாந்திருக்குதுங்க தம்பி. மண்டிக்காரரு கையை விரிச்சுப்போட்டாருங்க. இன்னைக்கு ஆக்கறதுக்குன்னு கொஞ்சம் அரிசி நேத்தே அனுப்பறேன்னிருந்தாருங்க. மொதல்ல நாளைக்கின்னாரு, அப்பறம் பாக்கலாமுங்கன்னாரு. யாரோ தம்பியப் பத்தி என்னமோ சொல்லிப்போட்டாங்களாமா. இன்னைக்கு எப்படியோ ஆச்சுங்க. இன்னும் பத்து நாள்ல முழுப்பரீட்சை லீவு உட்டுருவாங்க. நாப்பது நாளு. அதுக்கு என்ன பண்றதுன்னு தெரியலீங்க."

"யாரு சொன்னாங்கன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"யாரோ, உடுக்கா" என்றான் தம்பி. "அவரக் கேட்டாலும் சொல்ல மாட்டாரு. எம்மேல என்ன கோவமோ அவிங்களுக்கு. நீ போயி ஒக்காரு, கால்ல ரத்தம் வருது பாரு."

வெளியே சோறு போடத் தொடங்கினார்கள். ஓடி வந்த குடும்பங்களுக்கென்று வைத்திருந்த பங்கையும் பிள்ளைகளுக்கே போட்டார்கள். பத்மாவதி அளவாகப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு சின்னப் பெண் தட்டை இரண்டாவது முறை நீட்டினாள். பத்மாவதி அவள் தலையைத் தடவிவிட்டு அடுத்த தட்டுக்குப் போனாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. மோட்டாருக்காகக் கொடுத்திருந்த நம்பரில் செங்கோடனைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, நான் மெர்சி பேசறேனுங்க."

"சொல்லுங்க அம்மணி! சௌக்கியமுங்களா? மோட்டாரு ஜம்முன்னு ஓடுதுங்க."

"அண்ணா, அன்னைக்கு நான் சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க. அரிசிய அனுப்பிப்போடுங்கண்ணா."

"நீங்க என்னங்க சொன்னீங்க? ஒண்ணுமே சொல்லலீங்களே. நேர்ல பாத்துட்டுக் குடுங்கன்னீங்க. நல்ல வார்த்தைதானுங்களே அது. ஒரு நாளைக்கு வந்து பாக்கறேனுங்க. அவசரம் என்னங்க."

குரலில் ஒரு சுருக்கம் இல்லை. தேன் மாதிரி இருந்தது. அந்தத் தேனுக்குள் அரிசி ஒரு மணி கிடையாது என்பது எனக்குத் தெரியும். நானும் அதே பேச்சுப் பேசி வளர்ந்தவள்தானே. அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை எப்படித் திரும்ப வாங்குவது? முதலில் அதைச் சொல்லியாக வேண்டும். அதை அவரிடம் மட்டும் மெதுவாகச் சொல்லலாம் என்று சுவரோரம் ஒதுங்கினேன். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. "என்னங்க அம்மணி? கேக்கலீங்க" என்றார். தெரு நடுவுக்கு வந்து கத்தினேன்.

"அண்ணா, கேளுங்க! சமையக்கூடம் பூட்டியிருந்ததப் பாத்துட்டு என்ற தம்பியத் திருடன்னு நெனச்சேன். பிள்ளைக சோத்துப் பேரச் சொல்லி ஊர ஏமாத்தறான்னு நெனச்சேன். அதத்தான் அன்னைக்கு உங்ககிட்டச் சுத்தி வளச்சுச் சொன்னேன். அது பொய்! தொண்ணூறு பிள்ளைக என் கண்ணு முன்னால உக்காந்து தின்னுட்டு இருக்குது. ரெண்டாவது தடவ கேக்கற பிள்ளைக்குச் சோறில்ல. அதுக்குக் காரணம் நானு!"

வாளியோடு நடந்துகொண்டிருந்த தம்பி அப்படியே நின்றான். மற்ற ஐந்து குடும்பமும் என்னைப் பார்த்தது. ஜெரோம் தலையைக் குனிந்துகொண்டார். போனை வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தேன்.

"அம்மணி," என்றார் செங்கோடன். "அன்னைக்கே இப்படி ஒடச்சுச் சொல்லியிருந்தீங்கன்னா நான் உங்ககிட்டச் சண்டைக்கு வந்திருப்பேனுங்க. அந்தப் பையன எனக்கு ரெண்டு வருசமாத் தெரியுமுங்க. நீங்க ஒண்ணும் சொல்லாம டார்ச்சத் தொடச்சீங்க பாருங்க, அதுலதான் நான் பயந்துபோட்டேன். கூடப்பொறந்த பிள்ளையே வாயத் தொறக்க மாட்டேங்குதுன்னா விசயம் பெருசுன்னு நெனச்சுட்டேனுங்க. நாலு மணிக்கு வண்டி வருமுங்க."

வந்தது. நாலே காலுக்கு. முடித்தது ஆறு குடும்பம், ஆறுக்கும் சேர்த்து அறுபது சிப்பம். அவரும் கூடவே வந்தார். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு "தப்பா நெனச்சுக்காத சாமி" என்று இரண்டு தடவை சொன்னார். என்னைப் பார்த்து வழக்கம்போல் கும்பிட்டார். நாற்பது நாளுக்கு அரிசிக்குக் கவலை இல்லை என்று பத்மாவதி சிரித்தாள். எல்லாரும் மூட்டை இறக்கினார்கள். நானும் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன். மறுமுனையில் தம்பி. சேர்ந்து தூக்கி உள்ளே கொண்டு போய் வைத்தோம். என் பக்கம் அவன் திரும்பவில்லை.

எல்லாம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு கதவைச் சாத்திப் பூட்டினான். நான் பின்னாலேயே நின்றிருந்தேன்.

"நீ எப்ப வந்தே?" என்றான், பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே.

"புதன்கெழமை."

"எத்தன மணிக்கு?"

"ஒரு மணிக்கு."

"கூரியர் ஆபீசு இங்கிருந்து அஞ்சு நிமிசந்தான்க்கா. ஒரு போன் பண்ணியிருந்தா ஓடி வந்து தொறந்து காட்டியிருப்பேன்."

"மன்னிச்சுக்கடா" என்றேன். என் வாயிலிருந்து அவனுக்கு அந்த வார்த்தை போவது அதுதான் முதல் தடவை. அவன் சாவி வளையத்திலிருந்து ஒரு சாவியை நகத்தால் நெம்பிக் கழற்றினான். கழற்ற நேரமாயிற்று. என் கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையில் வைத்தான்.

"இது உங்கிட்ட இருக்கட்டும். உனக்கு எப்பத் தோணுதோ வந்து தொறந்து பாத்துக்க. யாரையும் கேக்க வேண்டாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மிகவும் சாதாரணமாகச் சொன்னான், சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தச் சாவியை மூடிப் பிடித்துக்கொண்டு, ஜெரோம் வந்து "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று தோளைத் தொடும்வரை அங்கேயே நின்றேன்.